கடலில்லாத ஊருக்கு ஒரு கடற்கரை மடல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் உறவுகளுக்கு, சிங்கப்பூரிலிருந்து ஓர் ஊர்க்காரன் எழுதுவது.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமென்றால் நமக்குத் திருச்செந்தூர். பள்ளிக்கூட லீவும் கையில் காசும் சேர்ந்து வந்தால் கன்னியாகுமரி. மேற்கே திரும்பினால் மலை, கிழக்கே திரும்பினால் கரிசல். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டை முடித்துவிட்டு அடுத்து எங்கே போகலாம் என்று யோசிக்கும்போது, யாராவது ஒருவர் ஈஸ்ட் கோஸ்ட் என்று சொல்லிவிடுகிறார். கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்கள் போய் இறங்கும் இடம் சாதாரண இடமில்லை. சிங்கப்பூரின் தென்கிழக்கு ஓரத்தில் தஞ்சோங் ரூ, காத்தோங், மரின் பரேட், சிக்லாப் என்று அடுத்தடுத்து வரும் குடியிருப்புகள், ஊரின் வசதியான பகுதிகளில் சேர்ந்தவை. சொந்த நிலத்தோடு கூடிய தனிவீடுகள், கடலைப் பார்த்த பால்கனிகள், தெருவுக்குத் தெரு காப்பிக் கடைகள். 19ஆம் நூற்றாண்டில் தென்னந்தோப்பாக இருந்த காத்தோங்கில், அன்றைய வணிகச் செல்வந்தர்கள் காற்று வாங்குவதற்காகக் கடலோர பங்களாக்களைக் கட்டினார்கள். பெரனாக்கான் குடும்பங்களும் யூரேசியர்களும் அங்கே வந்து நிலைத்தார்கள். பெரனாக்கான்கள் பெரும்பாலும், பல தலைமுறைகளுக்கு முன் இங்கே வந்து மலாய் வழக்கங்களோடு கலந்துவிட்ட சீன வம்சாவளியினர். அவர்களுடைய வீடுகள் ஜூ சியாட் பகுதியின் கூன் செங் சாலையில் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வீட்டுக்கு ஒரு நிறம், முகப்பெல்லாம் பூவும் பறவையுமாகச் சுதை வேலை, பளபளக்கும் ஓட்டுச் சில்லுகள். நம்மூர்ப் பழைய வீடுகளின் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அந்நியமாகவே தெரியாது. 2011இல் தேசிய மரபுடைமைக் கழகம் ஜூ சியாட்டை நாட்டின் முதல் மரபுடைமை நகரமாக அறிவித்தது. வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் முகப்பை இஷ்டத்துக்கு இடித்து மாற்ற முடியாது.

சாப்பாட்டுக்கும் இந்தப் பகுதி பேர்போனது. தேங்காய்ப்பாலும் காரமும் சேர்ந்த காத்தோங் லக்சாவைத் தேடித் தீவின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். கடலை ஒட்டி இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்தில், சுட்ட திருக்கைமீனும் சத்தேயும் வாங்கிக்கொண்டு மணலுக்கு இரண்டடி தள்ளி உட்காரலாம். கட்டடத் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பார்கள். சிங்கப்பூரின் இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சிலோன் சாலையில் இன்னொரு இடம் இருக்கிறது. ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம். 1850களில் ஒரு குளத்தருகே செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் சிலையை வைத்து வழிபாடு தொடங்கியதாக ஆலய வரலாறு சொல்கிறது. இலங்கைத் தமிழர்கள் வளர்த்தெடுத்த கோயில் இது. செண்பகத்தோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த மடல் எழுதப்படுவது லக்சாவுக்காகவும் கோபுரத்துக்காகவும் அல்ல. அந்தக் கடற்கரைக்காக.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 15 கிலோமீட்டர் நீளம், 185 ஹெக்டேர் பரப்பு. தென்னை, சவுக்கு, நாட்டு வாதுமை, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஓடுகின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அருகில் எத்தனை கோடிக்கு வீடு விற்றாலும், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் இந்தக் கரையில் வேலி போட யாராலும் முடியாது. கைலி கட்டிய பெரியவரும், கிண்டர்கார்டன் பிள்ளைகளும், தொழிலாளர் விடுதியிலிருந்து பஸ் மாறி மாறி வந்த நம் பையன்களும் ஒரே மர நிழலில் படுத்துக் கிடப்பார்கள். குடிதண்ணீர், கழிப்பறை, குளியலறை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும், சுத்தமாகவும் இருக்கும்.

இதில் வியக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்தக் கரையை இயற்கை கொடுக்கவில்லை. அறுபது வருடத்துக்கு முன் அந்த மர நிழல் இருக்கும் இடமெல்லாம் கடல். 1966இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கடலைத் தூர்க்கத் தொடங்கியது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கரைவரை கொண்டுவந்து கொட்டினார்கள். ஏறக்குறைய இருபது வருட வேலை. 1,525 ஹெக்டேர் புது நிலம். போட்ட மண்ணை அலை தின்றுவிடாமல் இருக்க, இடைவெளி விட்டு விட்டுப் பாறைக் கரைகளை அமைத்தார்கள். இரண்டு பாறைக் கரைகளுக்கு நடுவே அலையே மணலைப் பிறை வடிவத்தில் ஒதுக்கிக்கொண்டது. இன்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பப்படும் அந்த வளைவான கடற்கரைகள் அப்படி உண்டானவைதான். மரங்களும் நட்டு வளர்த்தவையே. மரின் பரேட் குடியிருப்பு முழுக்க முழுக்க இந்தப் புது நிலத்தில் எழுந்தது. தூர்த்த நிலத்தின் மேல் முழுமையாகக் கட்டப்பட்ட முதல் அரசுக் குடியிருப்பு அது. பணக்காரப் பேட்டையின் கடல்முகத்தில், சாதாரணக் குடும்பங்களுக்கான மாடிவீடுகளையும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பழைய கரையோரம் இருந்த மீனவக் கிராமங்கள் இல்லாமல் போயின. படிக்கட்டு இறங்கினால் கடல் என்று இருந்த பங்களாக்கள் சாலைக்கும் மாடிகளுக்கும் பின்னால் மாட்டிக்கொண்டன. ஒரு காலத்தில் அலையடித்த காத்தோங் பூங்கா இன்று ஊருக்குள் இருக்கிறது. அந்தப் பூங்காவின் மண்ணுக்கடியில், 1879இல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. கடலுக்குக் காவலாக நின்ற கோட்டைக்கு இப்போது கடல் தெரியாது. கரை அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து கிளப்பப்பட்டவர்களை மறந்துவிடுவது நியாயமாகாது. இந்த அழகை அனுபவிக்க வரும் நம் பையன்களின் விடுதிகள் தீவின் வேறு மூலைகளில் இருக்கின்றன என்பதும் உண்மை.

அப்படி உண்டாக்கிய கரையைக் காப்பாற்றுவதிலும் சிங்கப்பூர்க்காரர்கள் அசரவில்லை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலில் மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. ஓரிரு நாளில் ஈஸ்ட் கோஸ்ட் மணலெல்லாம் கறுத்துவிட்டது. கரையை மூடினார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்களில் நம்மவர்களும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் உண்டு, கவச உடையோடு வெயிலில் நின்று மணலை அள்ளினார்கள். பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் தொண்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். அதே மாதம் 23 அன்று தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் நான்காம் கட்டம் திறந்தது. தஞ்சோங் ரூவிலிருந்து பேஷோர் வரை ஏழு நிலையங்கள். அதுவரை பஸ்ஸை மட்டும் நம்பியிருந்த கடற்கரைக்கு ரயிலில் இறங்கி நடந்தே போகலாம் என்றாகிவிட்டது.

அடுத்த நூறு வருடத்துக்கும் யோசிக்கிறார்கள். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்பது 2024இல் வெளியான அரசு ஆய்வின் கணிப்பு. ஈஸ்ட் கோஸ்ட் தாழ்வான பகுதி. அதனால் கரைக்கு அப்பால் லாங் ஐலண்ட் என்ற பெயரில் ஏறக்குறைய 800 ஹெக்டேர் புது நிலத்தை எழுப்பி, நடுவில் ஒரு நன்னீர்த் தேக்கமும், கரைநெடுகச் சுமார் 20 கிலோமீட்டருக்குப் பூங்காவும் அமைக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். திட்டத்தின் முதல் படத்திலேயே பூங்கா இடம் பிடித்துவிட்டது.

இதையெல்லாம் பார்க்கும்போது நினைவு ஊருக்குத்தான் ஓடுகிறது.

நமக்கு மலையை யாரும் மண் கொட்டி எழுப்பித் தரவில்லை. ராஜபாளையத்தில் மொட்டை மாடிக்கு ஏறினால் மேற்குத்தொடர்ச்சி மலை கண் முன்னால் நிற்கிறது. முடங்கியாறு சாலையில் சைக்கிளை மிதித்தால் மாந்தோப்புகளைத் தாண்டி ஆறாம் மைல் நீர்த்தேக்கம். அதற்கு அப்பால் அய்யனார் கோயில் அருவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 192 அடி ராஜகோபுரம், ஆண்டாள் நந்தவனம், திருமுக்குளம். மேற்கே செண்பகத்தோப்பு, சாம்பல் நிற மலை அணில் தாவும் காடு. 1988இல் சரணாலயமான அந்தக் காடு, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகி, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் என்ற பெயரைப் பெற்றது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நாட்டின் சுற்றுலாத் துறை இதில் பாதி கிடைத்தாலும் கொண்டாடும்.

காசில்லாத ஊரும் அல்ல. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில் முதல் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள் வரை உழைப்பும் செல்வமும் சேர்ந்த ஊர். கொடுக்கத் தெரியாத ஊரும் அல்ல. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தான் குடியிருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். பள்ளியும் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அப்படிப் பொதுவுக்கு எழுந்தவைதான்.

இத்தனை இருந்தும், சாயங்காலம் ஒரு வயதான அம்மா பயமில்லாமல் நடந்து போய் உட்கார நம்மூரில் இடம் எது? கண்மாய்க் கரையில் கருவேல முள்ளும் குப்பையும். அருவிக்குப் போகும் கூட்டம் திரும்பும்போது பாறை இடுக்கில் பாலித்தீன் பையும் பாட்டிலும் கிடக்கின்றன. இத்தனைக்கும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து போனால் எத்தனை மழை பெய்தும் படிக்கட்டு காய்ந்துதான் கிடக்கும். மாலை நேரத்தில் பெண்கள் போக ஒரு கழிப்பறை கூட வழியில் இல்லை என்றால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆண்களுக்கு மட்டுமான அழகு.

கண்மாயை மெரினா ஆக்க வேண்டாம். கம்பி வேலியும் சிமென்ட் டைனோசரும் டிக்கெட் கவுன்டரும் வேண்டவே வேண்டாம். கண்மாய் பாசனத்துக்கானது, காடு அணிலுக்கும் யானைக்குமானது; அந்த நினைப்பு மாறக் கூடாது. வனத்துறை போகாதே என்று சொல்லும் இடத்துக்குப் போகக் கூடாது. ஊரை ஒட்டிய கரைகளில் மட்டும் முள்ளை வெட்டி, புங்கமும் மருதமும் நாவலும் நட்டு, நடக்கப் பாதையும் விளக்கும் போட்டால் போதும். முக்கியமாக, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதைக் கூட்டிப் பெருக்கச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட்டின் அழகில் பெரும்பகுதி விடியற்காலையில் துடைப்பத்தோடு வருகிறவர்களின் வேலை. திறப்பு விழாவன்று வைக்கும் கல்வெட்டு அந்த வேலையைச் செய்யாது.

வழி இருக்கிறது. நகராட்சிகளில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூட்டும் ஏற்பாடு 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மறுபங்கு போடும் நமக்கு நாமே திட்டம் நீர்நிலைகளுக்கும் பூங்காக்களுக்கும் பொருந்தும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அண்ணாச்சிமார் மட்டும் போகாமல் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் திருமுக்குளத்துக்கு வரும் வாய்க்கால்களைப் பற்றிக் கேளுங்கள். ராஜபாளையத்துக்காரர்கள் உங்கள் வார்டுக்கு அருகிலுள்ள ஒரு கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுத்து, வரைபடமும் மதிப்பீடும் போட்டு நகராட்சியில் மனுக் கொடுங்கள். அதன் நகல் ஒன்றை சிங்கப்பூருக்கும் அனுப்பி வையுங்கள். மக்கள் பங்கில் எங்கள் பங்கைச் சேர்த்துக் கட்ட இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன், சிங்கப்பூர்