பென்ஸா, லெக்ஸஸா? வாங்கும் முன் கராஜைக் கேளுங்கள்

வியாபாரத்தில் கொஞ்சம் கை நிமிர்ந்தால் எமது வர்த்தகர்களுக்கு வரும் முதல் யோசனை பெரிய வாகனம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறந்து விடப்பட்ட பின்னர் இந்த யோசனை இன்னும் கூடியிருக்கின்றது. புறக்கோட்டையில் பகல் சாப்பாட்டுக்குப் பின் நான்கு முதலாளிமார் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கின்றது. "பென்ஸா நல்லம், பீ.எம்.டபிள்யூவா நல்லம், லெக்ஸஸா நல்லம்?" என்று என்னிடமும் பலர் கேட்டு விட்டார்கள். எனக்குப் பட்டதை இங்கே ஒளிவு மறைவின்றிச் சொல்கின்றேன்.

முதலில் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் பீ.எம்.டபிள்யூவுக்குத் தனிப் பெயர் உண்டு. அதன் பெரிய கார்களில் என்ஜின் முன்னால் இருக்கும். பின் சக்கரங்கள் தள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் பாரம் ஏறக்குறையச் சரி பாதியாகப் பகிரப்பட்டிருக்கும். ஆகவே வளைவில் திரும்பும்போது வாகனம் ஸ்டியரிங்கின் சொல்லைக் கேட்கும். 1987இல் அந்தக் கம்பனி 5 லீற்றர், 12 சிலிண்டர், 300 குதிரைவலு என்ஜினோடு 750 என்ற மாதிரியை இறக்கியபோது ஜேர்மனியில் பென்ஸ்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். தானே ஓட்டி ரசிக்கும் மனிதனுக்காகச் செய்த வாகனம் அது.

ஆனால் நாம் எங்கே ஓட்டப் போகின்றோம்? இந்த ஜேர்மன் வாகனங்களில் பலவற்றை மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி கம்பனியே கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றது. எமது நாட்டில் 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் கூட உச்ச வேகம் 100தான். ஊர் மனைக்குள் 50. பேஸ்லைன் வீதியில் மாலை ஐந்து மணிக்கு அதுவும் கிடையாது. வாங்கிய வேகத்தில் பாதிக்கு மேல் பெட்டியிலேயே பூட்டிக் கிடக்கும்.

கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ இரவோடிரவாகக் கொழும்புக்குச் சரக்கெடுக்க வருபவருக்கு வேண்டியது உச்ச வேகமல்ல. மஹியங்கனை மலைப் பாதையிலும் கடுகண்ணாவையிலும் லொறியொன்றை முந்த வேண்டிய நேரத்தில் உடனே கிடைக்கும் இழுவையும், நம்பிக்கையான பிரேக்கும்தான். இந்த மூன்று வாகனங்களிலும் அவை தாராளமாக உண்டு. ஆகவே ஓட்டத்தை வைத்து ஒன்றைத் தெரிவு செய்வதில் எமக்குப் பெரிய பிரயோசனம் இல்லை.

அடுத்தது சொகுசு. இதில் பென்ஸின் வழி வேறு. 1991இல் வந்த அதன் எஸ் வகுப்பு வாகனத்தில் பக்கக் கண்ணாடிகளையே இரட்டையாகப் போட்டார்கள், வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது என்பதற்காக. 1998இல் வந்த அடுத்த மாதிரியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த சஸ்பென்ஷன் வந்தது. பின் சீட்டில் சாய்ந்திருப்பவருக்குப் பள்ளம் தெரியாது. சாரதி வைத்துப் போகும் முதலாளிக்கு இது பொருத்தமான வாகனம் என்பதை நான் மறுக்கவில்லை.

பீ.எம்.டபிள்யூவின் பல மாதிரிகளில் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக் கூடிய, பக்கம் தடித்த டயர்களைப் போட்டு விற்றார்கள். நடு ரோட்டில் இறங்கி டயர் மாற்றத் தேவையில்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தடிப்பே பள்ளத்தில் விழும்போது முதுகுக்குத் தெரியும். ஐரோப்பாவின் வழவழப்பான பாதைக்குச் சரியாக இருப்பது, தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி அரைகுறையாக மூடிய எமது வீதிக்குச் சரியாக வராது.

இனி லெக்ஸஸ். இந்தக் கதையை வியாபாரி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். 1983இல் டொயோட்டா கம்பனியின் தலைவர் ஐஜி டொயோடா தனது ஆட்களிடம், உலகத்தில் மிகச் சிறந்த காரை எம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். பென்ஸையும் பீ.எம்.டபிள்யூவையும் எதிரில் வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது. பிரதான பொறியியலாளர் இச்சிரோ சுசுகி சத்தத்தைக் குறைக்கப் பஞ்சையும் ரப்பரையும் திணிப்பதை மட்டும் நம்பியிருக்கவில்லை. சத்தம் எங்கே பிறக்கின்றதோ அங்கேயே அதை நிறுத்த வேண்டும் என்றார். என்ஜினின் பாகங்களையே இன்னும் நுட்பமாகச் செய்ய வைத்தார்.

1989இல் அமெரிக்காவில் இறங்கிய எல்.எஸ். 400 காரின் விலை 35,000 டொலரில் தொடங்கியது. ஜேர்மன் போட்டியாளர்களை விட ஆயிரக் கணக்கில் குறைவு. 4 லீற்றர், 8 சிலிண்டர், 250 குதிரைவலு. பொனெட்டின் மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி வைத்து, என்ஜினை வேகமாக ஓட விட்டு, ஒரு கிண்ணமும் அசையாததைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டினார்கள்.

ஆனால் அந்தக் காரின் பெயரை நிலைநிறுத்தியது அந்த விளம்பரம் அல்ல என்பதே எனது அபிப்பிராயம். விற்பனை தொடங்கிச் சில மாதங்களுக்குள், 1989 டிசம்பரில், வயர் இணைப்பிலும் பிரேக் விளக்கிலும் குறையென்று ஓரிரு முறைப்பாடுகள் வந்தன. கம்பனி அந்த ஓரிருவரின் காரை மட்டும் திருத்தி விட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அது வரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திருத்த முடிவு செய்தது. கராஜுக்குத் தூரத்தில் இருந்தவர்களின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பியது. காரைக் கழுவி, எண்ணெய் நிரப்பித் திருப்பிக் கொடுத்தது. முழு வேலையும் 20 நாட்களில் முடிந்தது. 1991 ஆகும்போது அமெரிக்காவில் இறக்குமதி ஆடம்பரக் கார்களில் அதிகம் விற்றது லெக்ஸஸ்தான். பழுதுபட்ட சாமானைத் திருப்பிக்கொண்டு வருபவரைக் கண்டதும் முகத்தைச் சுளிக்கும் எமது கடைகள் இதில் படிக்க நிறைய இருக்கின்றது.

இதிலிருந்துதான் என்னுடைய அளவுகோலும் பிறக்கின்றது. ஓட்டம், சொகுசு இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக ஒன்று உண்டு. அது கராஜ். வாகனம் நின்று போனால் யார் பார்ப்பார்கள், சாமான் எங்கே கிடைக்கும், எத்தனை நாள் ஆகும்?

கிழக்கிலிருந்து வந்து பிரதான வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் 2021இல் பாவித்த ஐரோப்பியக் கார் ஒன்றை வாங்கினார். அருமையான வாகனம், நானும் அதில் போயிருக்கின்றேன். மறு வருடம் அதன் காற்று சஸ்பென்ஷன் இறங்கி விட்டது. அதிலுள்ள பை ரப்பர். வயதானால் வெடிப்பது இயல்பு. ஆனால் அது 2022. 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டி நின்ற காலம். பஞ்சிகாவத்தையில் அந்தச் சாமான் இல்லை. வெளியிலிருந்து எடுப்பிக்க டொலரும் இல்லை. மாதக் கணக்கில் கார் கராஜில் கிடக்க, மனிதர் கடை வேனில் சாமான் மூட்டைகளோடு போய் வந்தார். அதே வருடம் கியூஆர் முறை வந்தபோது கார்களுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் முதலில் தந்தார்கள். நாலாயிரம் சீசீ காருக்கும் ஆயிரம் சீசீ காருக்கும் ஒரே அளவு.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல நடுத்தர ஜப்பான் காருக்கும் ஆடம்பரக் காருக்கும் விலை வித்தியாசம் ஒரு கோடி ரூபா. உங்கள் சரக்கு வருடத்துக்கு நான்கு முறை சுற்றுகின்றது, ஒவ்வொரு சுற்றிலும் செலவு போக நூற்றுக்குப் பத்து மிஞ்சுகின்றது என்றால், அந்த ஒரு கோடி வருடத்துக்கு 40 இலட்சம் சம்பாதிக்க வேண்டிய முதல். அதைக் காராக மாற்றி வாசலில் நிறுத்தினால் 40 இலட்சமும் போகும். லீசிங் கட்டுப்பணம் மாதா மாதம் வேறு வரும். வியாபாரம் மந்தமான மாதம் என்று லீசிங் கம்பனி பொறுக்காது. அப்போது முதலில் கை வைக்கப்படுவது ஊழியர் சம்பளத்தில்தான். இதை நான் கண்டிருக்கின்றேன்.

"நாநா, வாகனத்தைப் பார்த்துத்தானே ஆட்கள் மதிக்கிறாங்க, கடனுக்குச் சரக்குத் தாறாங்க?" என்று இளம் வியாபாரி ஒருவர் என்னிடம் கேட்டார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கல்யாண வீட்டில் மதிப்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரவும் உதவும். ஆனால் கடனுக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி பார்ப்பது உங்கள் செக் திரும்புகின்றதா, பாஸாகின்றதா என்பதைத்தான். மூன்று செக் திரும்பினால் பென்ஸில் வந்தாலும் கதவு பூட்டிக்கொள்ளும். முப்பது வருடம் செக் திரும்பாதவர் முச்சக்கர வண்டியில் வந்தாலும் கதிரை போடுவார்கள்.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். சரக்கு முதலில் கை வைக்காமல், லாபத்திலிருந்து, ரொக்கமாக அல்லது பெரும்பகுதி ரொக்கமாக வாங்கக் கூடியவர் தாராளமாக வாங்கட்டும்; உழைத்தவர் அனுபவிப்பதில் தவறில்லை. தானே ஓட்டுபவருக்கு பீ.எம்.டபிள்யூ, பின் சீட்டில் இருப்பவருக்கு பென்ஸ், பத்து வருடம் தலையிடியில்லாமல் வைத்திருக்க நினைப்பவருக்கு லெக்ஸஸ் என்பேன். எதுவானாலும் முற்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கராஜ்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த மாதிரியை இதற்கு முன் திருத்தியிருக்கின்றாரா? சஸ்பென்ஷன், கியர்பொக்ஸ் சாமான்கள் இங்கே கிடைக்குமா, என்ன விலை? பாவித்த வாகனமென்றால் அதன் சேர்விஸ் பதிவு முழுமையாக இருக்கின்றதா?

லீசிங்கிலேயே வாங்க வேண்டிய நிலையிலுள்ளவர் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கட்டும். அந்த முதல் கடைக்குள்ளேயே சுற்றினால், அடுத்த முறை ஷோரூமுக்குள் போகும்போது விலை பேசுபவர் அவராக இருப்பார்.