கறுப்புப் பெட்டியும் திராட்சை லாரியும்

கம்பத்தில் திராட்சை வியாபாரி ஒருவரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்கு நடுவே அவர் அடிக்கடி கைபேசியைப் பார்த்துக்கொண்டார். கோட்டயத்துக்குப் பன்னீர் திராட்சை ஏற்றிப் போகும் லாரி, அதில் ஒரு நீலப் புள்ளியாகக் கூடலூரைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏன் தம்பி, என் பழம் எங்கே போகிறது என்று இங்கே இருந்தபடியே எனக்குத் தெரிகிறது. இத்தனை பேரை ஏற்றிப் பறக்கிற விமானம் விழுந்தால் மட்டும் பெட்டியைத் தேடி அலைகிறார்களே! எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது தரைக்கு அனுப்பிவிட்டால் என்ன?" என்றார்.

நியாயமான கேள்விதான்.

கறுப்புப் பெட்டி என்பது பெயரளவில்தான். அதன் நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. விமானிகளின் பேச்சையும் கருவிகளின் கணக்கையும் பதிவு செய்யும் யோசனையை 1950-களில் சொன்னவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன். அவருடைய தகப்பனார் 1934-ல் ஒரு விமான விபத்தில் மாண்டவர். 1,100 டிகிரித் தீயில் ஒரு மணி நேரம் கிடந்தாலும் பதிவு அழியக் கூடாது என்பது விதி. எல்லாம் சரி, ஆனால் பெட்டி தானாக வீடு வந்து சேராதே! கடலுக்குள் விழுந்தால் அது கொடுக்கும் ஒலி முன்பு 30 நாள்தான் கேட்கும். இப்போது 90 நாள்.

2016 ஜூலை 22-ந் தேதி காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு விமானப் படையின் ஏ.என்.32 விமானம் 29 பேருடன் கிளம்பியது. வங்கக் கடலுக்கு மேலே மாயமாய் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. பலனில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிவதாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில்தான். இடம், சென்னைக் கரையிலிருந்து 310 கிலோ மீட்டர் தொலைவு. ஆழம் 3,400 மீட்டர். ஏழரை வருஷம்! அதுவரை அந்த வீடுகளில் திதி எப்படிக் கொடுத்திருப்பார்கள், விளக்கை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் பெட்டியே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் 260 உயிர்களைக் கொண்டுபோன விபத்தில், பின்பக்கத்துப் பெட்டி மிகவும் சேதமடைந்துவிட்டது. முன்பக்கத்துப் பெட்டிதான் பேசியது. எரிபொருள் விசைகள் இரண்டும் அடுத்தடுத்து நிறுத்தும் நிலைக்குப் போனதையும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி மற்றவரைக் கேட்டதையும் முதற்கட்ட அறிக்கை சொன்னது. கேட்டது யார் என்று அது சொல்லவில்லை. ஊர் விட்டதா? மறுநாளே தீர்ப்பு எழுதிவிட்டது. விமானிகளின் பேச்சு ஒவ்வொரு நிமிஷமும் தரைக்கு வந்துகொண்டிருந்தால் அது யார் யார் காதில் விழும்? விமானிகளின் அச்சம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

செலவும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான விமானங்களின் முழுக் கணக்கையும் துணைக்கோள் வழியே ஓயாமல் அனுப்பக் கட்டணம் கொஞ்சமல்ல. பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்த பயணத்தின் கணக்கு யாருக்கு வேண்டும்?

2014 மார்ச்சில் 239 பேருடன் மலேசிய விமானம் மறைந்த பிறகு, சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் நடுவழி ஒன்றைக் கண்டது. புதிய பெரிய பயணி விமானங்கள், ஆபத்து என்று அறிந்தவுடன், நிமிஷத்துக்கு ஒரு முறையாவது தாம் இருக்குமிடத்தைத் தாமாகவே தெரிவிக்க வேண்டும். இத்துடன் அந்தக் கடைசி நிமிஷங்களின் கருவிக் கணக்கையும் அனுப்பச் செய்தால் போதும். மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்பது என் கட்சி. ராணுவ விமானங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது என்பதுதான் குறை.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் வியாபாரியின் முகம் மாறியது. குமுளி மலைப்பாதையில் நீலப் புள்ளி நின்றுவிட்டது.

"வண்டி நின்றுவிட்டதா, அண்ணே?"

"வண்டி நிற்காது, தம்பி. மலையில் சிக்னல் கிடைக்காது" என்றார். ஆனாலும் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. வந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வண்டிப்பெரியாறு பக்கம் புள்ளி மறுபடி முளைத்த பிறகுதான் தம்ளரைக் கையில் எடுத்தார்.