செடிக்கு ஊர் இட்ட பெயர்



சென்ற திருவருகைக் காலத்தில் செங்கற்பட்டில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். வாயிலில் ஒரு தொட்டிச் செடி. நுனி இலைகள் மட்டும் குங்குமமாய்ச் சிவந்திருந்தன. “பாதர், இதன் பெயர் என்ன? விற்றவர் கிறிஸ்மஸ் செடி என்றுதான் சொன்னார்” என்றாள் அவ்வீட்டுச் சிறுமி. “பாயின்செட்டியா” என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முழு விடையன்று என்பது வழியில்தான் உறைத்தது.

ஏனெனில் அது ஒரு மனிதரின் பெயர். மெக்சிகோவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் தூதராகச் சென்ற ஜோயல் பாயின்செட் என்பார், 1828ஆம் ஆண்டில் இச்செடியைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். ஆங்கிலத்தார் அவர் பெயரையே இதற்கு இட்டனர். செடியின் தாயகமான மெக்சிகோவிலோ, ஸ்பானிய மொழி பேசும் மக்கள் இதனை ‘நோச்சேபுவேனா’ என்பர். ‘நல்லிரவு’ என்பது பொருள். கிறிஸ்து பிறப்பின் முந்தைய இரவுக்கும் அவர்கள் வழங்கும் பெயர் அதுவே. ஸ்பெயின் நாட்டில் இதே செடி ‘பாஸ்குவா மலர்’. அதைக் கேட்டால் நமக்கு உயிர்ப்புப் பெருவிழாவே நினைவுக்கு வரும். ஸ்பானியரோ கிறிஸ்து பிறப்பையும் பாஸ்குவா என்றே சொல்லி வாழ்த்துவர்.

அர்ஜென்டினாவில் இதன் பெயர் ‘கூட்டாட்சி விண்மீன்’. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கூட்டாட்சிக் கட்சியினரின் நிறம் சிவப்பு. அப்பெயரில் கிறிஸ்மஸின் சாயலே இல்லை. இச்செடி இரவு நீளும் பருவத்தில்தான் சிவக்கும். அந்நாட்டிலோ டிசம்பர் மாதம் கோடை, இரவு குறுகியது. கிறிஸ்மஸ் நாளில் அங்கே தோட்டத்துச் செடி பச்சையாகவே நிற்கும். ஒரே மொழி பேசுவோர், ஒரே மறையினர். ஆயினும் அவரவர் மண்ணில் கண்டதைக் கொண்டு பெயரிட்டனர்.

இதனை எண்ணும்போது என் பழைய பிழையொன்று நெஞ்சை உறுத்துகிறது.

2003ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை அடுத்த ஒரு கடலோரப் பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். குடிலின் அருகே நடுவதற்கு ஆண்டுதோறும் ஒரு முதியவர் சவுக்குக் கிளை கொண்டுவருவார். அவருக்கு அதுதான் ‘கிறிஸ்மஸ் மரம்’. குருமடத்தில் கற்ற செருக்கில் நான், “தாத்தா, இது வெறும் சவுக்கு, கிறிஸ்மஸ் மரம் வேறு” என்று பலர் முன்னிலையில் திருத்தினேன். கடையிலிருந்து பிளாஸ்டிக் மரம் வந்தது. மறு ஆண்டு அவர் கிளை கொண்டுவரவில்லை.

நூலறிவின்படி நான் சொன்னது சரியே. சவுக்கு பைன் இனத்தைச் சேர்ந்ததன்று. ஊசிபோல் தோன்றுபவை இலைகள் அல்ல. கணுக்கணுவான சிறு கிளைகளே. ஆனால் போர்ட்டோ ரிக்கோ தீவின் மக்களும் இதனை ‘ஆஸ்திரேலியப் பைன்’ என்றே அழைக்கின்றனர் என்று பின்னர்ப் படித்தேன். நம் முதியவர் தனித்துத் தவறவில்லை.

அந்த 2004ஆம் ஆண்டில், கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை வந்தது. கடலூர்க் கரையில் சதுப்பு நிலக் காடுகளும் சவுக்குத் தோப்புகளும் அரணாக நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர் மறு ஆண்டு எடுத்துக்காட்டினர். ‘வெறும் சவுக்கு’ என்ற என் சொல் என்னையே சுட்டது.

2005 டிசம்பரில் அவர் வீட்டுக்குச் சென்றேன். “தாத்தா, கிறிஸ்மஸ் மரம் வெட்டித் தருவீர்களா?”

“சவுக்குதானே சாமி?”

“இல்லை தாத்தா, கிறிஸ்மஸ் மரம்.”

அவர் ஒன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

கல்லறைத் திருநாளில் நாம் வைக்கும் துலுக்கச் சாமந்தி, நெல்லைச் சீமையில் கேந்திப்பூ. அதன் தாயகமான மெக்சிகோவில் ‘இறந்தோர் மலர்’. உங்கள் இல்லத்திலும் வெவ்வேறு ஊரிலிருந்து வந்த பாட்டியரும் மருமகளிரும் இருப்பர். இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின், விழாச் செடிகளுக்கு அவரவர் ஊரில் வழங்கும் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். நூற்பெயரையும் அதனருகே எழுதலாம். எவர் சொன்ன பெயரையும் அடித்துத் திருத்த வேண்டா.