வானலையில் ஓர் அரிச்சுவடி

எழுபதுகளில் நகரமாக உருப்பெறுமுன் சீஃபீல்டு தோட்டமாக இருந்த, மலேசியாவிலுள்ள எங்கள் சுபாங் ஜெயாவில், தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தமிழ்ப்பள்ளி ஒன்று தாங்கி நிற்கிறது. அப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளே எங்கள் குடியிருப்பில் அதிகம். பாட்டி நாளிதழை வாய்விட்டு வாசிக்கிறார்; பேரன் கேட்டு ரசிக்கிறான்; தாளை அவன் கையில் கொடுத்தாலோ தலைப்பைக்கூடப் படிக்கத் தெரியவில்லை. இவ்விருவரையும் அந்தி வேளையில் ஒரே கூடத்தில் அமர்த்தும் வல்லமை தொலைக்காட்சிக்கு இருக்கையில், அதனிடம் கேட்க வேண்டியதை நாம் கேளாதிருப்பது பெரும் நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

வாரத்துக்கொரு தமிழ்ப் படத்துக்காக அரசாங்கத் தொலைக்காட்சியின் முன் தவங்கிடந்த சமூகத்துக்கு, 1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சந்தாத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவினால் வானவில் என்னும் பிரத்தியேக அலைவரிசை வாய்த்தது. பின்னர் விண்மீனும் வந்து, உள்ளூர்க் கலைஞர்கள் நம் பேச்சுவழக்கிலேயே கதை சொல்லக் களம் அமைந்தது. இது சாமானியமான காரியம் அன்று. ஆயினும் செவிக்கும் கண்ணுக்கும் கிடைத்த தமிழ், எழுத்தாக விரலுக்கு இறங்க வேண்டாமா?

இவ்விஷயத்தில் அமெரிக்க யூதர்களின் பிரயத்தனம் கவனிக்கத்தக்கது. மார்க் கோலப் என்ற யூத குரு 2006-இல் தொடங்கிய ஷாலோம் டிவி, கேபிள் சந்தாதாரர்களுக்குத் தனிக் கட்டணமின்றிக் கிடைத்தது. செய்தி, சமய விரிவுரை, சிறுவர் நிகழ்ச்சி ஆகியவற்றோடு எபிரேய எழுத்தை ஆதியிலிருந்து கற்பிக்கும் பாடங்களும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்ட நிலையில், பிரார்த்தனை நூலை எழுத்துக் கூட்டியும் படிக்கத் தெரியாத பெரியவர்கள், பிறர் முன் கூச்சப்படாமல் தம் வீட்டிலேயே பயில அது வழிசெய்தது. 2014-இல் ஜே.பி.எஸ். எனப் பெயர் மாறிய அவ்வலைவரிசை இலாப நோக்கின்றி, நேயர்களின் நன்கொடையைக் கொண்டு நடப்பது.

நமக்கும் மாலைத் தொடர்களுக்கு முன் தினம் அரைமணி நேரம், சந்தா கட்டாதவர் வீட்டிலும் தெரியும்படி, எழுத்துப் பாடம் வேண்டும். விளம்பரதாரர் வரமாட்டார்கள் என்பார்கள். வராவிட்டால் என்ன, தைப்பூசத்தில் முகங்கோணாமல் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் நடத்தும் ஆலயங்களும் சங்கங்களும் இதையும் ஒரு தர்மமாக ஏற்கலாகாதா? சென்னைப் பாடநூலைப் பிரதி எடுக்காமல், ‘கி’ என்றால் கிள்ளானையும் ‘ப’ என்றால் பத்துமலையையும் காட்டினால், தானறிந்த ஊர்களின் பெயர்களைத் தானே எழுதிப் பார்க்கும் ஆசையில் பேரன் பென்சிலோடு பாட்டியின் அருகில் வந்து உட்காருவான்.