கும்மிக்கும் ஒரு சீட் கொடுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு போத்தனூர் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய திடல்களில் பிள்ளைகள் கூட்டம் குறையத் தொடங்கும். "ரெண்டு வருசம் பொறுத்துக்க கண்ணு, காலேஜுக்குப் போயி ஆடிக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பள்ளியிலோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளுக்குக் 'கோழிப்பண்ணை' என்று பட்டப்பெயர் வந்த கொங்கு நாட்டில் இது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆறேழு வருடம் ஒரு விளையாட்டிலோ கலையிலோ ஊறிய பிள்ளை, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும் என்ற நிலை மாற வேண்டும்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குப் போடப்படும் கட்-ஆஃபில் அரை மார்க் குறைந்தாலும் பொறியியல் கல்லூரியே மாறிப்போகிறது. விளையாட்டுக்காவது ஒரு சந்து திறந்திருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்களும் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஏழு இடங்களும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டுக்கும் என்.சி.சி.க்கும் சிறப்புப் பிரிவு உண்டு.

கலைக்கு அந்தச் சந்தும் இல்லை. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து வளர்த்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கொங்குக் கிராமங்களில் கோயில் வாசல்தோறும் பெண் பிள்ளைகள் வரிசை கட்டிக் கும்மி ஆடுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடத்தி, மாநில அளவில் வெல்வோருக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமும் சூட்டுகிறது அரசு. ஆனால் அந்தக் கலையரசி பொறியியல் கலந்தாய்வுக்கு வரும்போது அவள் பட்டத்தை எழுத ஒரு பிரிவு இல்லை.

சென்னை ஐ.ஐ.டி. இதற்கு வழி காட்டியிருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் விளையாட்டுக்கும், 2025-26-இல் நுண்கலை மற்றும் பண்பாட்டுக்கும் தனிச் சேர்க்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள். அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும்; அதற்குப் பிறகு சாதனையை வைத்துத் தனித் தரவரிசை. ஏற்கெனவே உள்ள யாருடைய இடமும் இதனால் குறையவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. தமிழ்நாடு 2007-இல் நுழைவுத் தேர்வை ஒழித்ததே, கோச்சிங் காசில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்காகத்தான். மார்க் பட்டியலை யாரும் சரிபார்க்கலாம். கும்மிக்கு எப்படி மார்க் போடுவது? காசுள்ளவன் பயிற்சியாளரை வைத்துக்கொள்வான், ஆளைப் பிடித்துச் சான்றிதழும் வாங்கிவிடுவான் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 2019-இல் அம்பலமான மோசடியில், படகுத் துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகோட்டிகளாகக் காட்டிப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் சேர்த்திருந்தார்கள். இங்கேயோ, கட்டணம் கட்டினால் 'உலக சாதனை' என்று அச்சடித்துக் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் பள்ளிக் கலைவிழாவான கலோத்ஸவத்தில் வெல்வோருக்குக் கிரேஸ் மார்க் உண்டு. அந்த மார்க்குக்காகப் பெற்றோர் மேல்முறையீடு, வழக்கு என்று அலைவதும் உண்டு.

இவையெல்லாம் சொல்வது ஒன்றுதான்: காகிதத்தை நம்பக் கூடாது. அது ஏமாற்றுக்காரனுக்கு உதவுவது போலவே உழைத்தவனைக் கைவிடவும் செய்யும். 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் போகவே முடியாமல் போனது. போட்டி குறித்து வந்த கடிதத்தின் மேல் பள்ளிக் கல்வித் துறை உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை. பிறகு பொறுப்பான அதிகாரி மீது நடவடிக்கை பாய்ந்தது. ஆனால் அந்தப் போட்டியின் சான்றிதழை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அந்த வருடம் திரும்பி வரவில்லை.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, பொறியியலிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் கலைக்குச் சிறு எண்ணிக்கையில் கூடுதல் இடங்கள் உருவாக்க வேண்டும். கட்-ஆஃபில் ஒரு மார்க்கும் சேர்க்கக் கூடாது. தனிப் பட்டியலே போதும். இரண்டாவது, தேர்வு நேரில் நடக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில், வெளிமாவட்ட நடுவர்கள் முன், வீடியோப் பதிவோடு பிள்ளை ஆடிக்காட்டட்டும், வாசித்துக்காட்டட்டும். மூன்றாவது, பத்துப் போட்டியில் தலைகாட்டியதற்கு மதிப்பு வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரே கலையில் விடாமல் நின்றதற்குப் பள்ளிப் பதிவேடே சாட்சியாகட்டும். கலைத்திருவிழா ஏற்கெனவே இருப்பதால் புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. நான்காவது, இந்த இடங்களில் பாதியாவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும். அப்போதுதான் காசு கொடுத்துக் கற்றவரோடு கோயில் வாசலில் கற்றவளும் சமமாக நிற்க முடியும்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கோவையில் பல கல்லூரிகள் கூடைப்பந்து, கைப்பந்து ஆடுவோருக்குக் கட்டணச் சலுகையும் விடுதியும் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன, நல்லதுதான். ஆனால் சீட் கொடுத்த பிறகு பயிற்சிக்கு நேரமும், போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவும் கிடைக்காவிட்டால், முதல் செமஸ்டரிலேயே பந்து மூலைக்குப் போய்விடும்.

மார்க் ஒரு அளவுகோல். அதை எடுத்தெறியச் சொல்லவில்லை. ஆனால் ஒரே வேலையை வருடக்கணக்கில் விடாமல் செய்து, தோற்று, மறுநாளும் வந்து நிற்கும் பிள்ளையின் குணத்தை அந்த அளவுகோல் அளப்பதில்லை. லேத் பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் கடைசியில் கைகொடுப்பது அந்தக் குணம்தான் என்பதைத் தொழில் நடத்தும் கோவைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த சேர்க்கை அறிவிப்பிலேயே கலைக்கான பிரிவு இடம்பெறட்டும். 'ரெண்டு வருசம் நிறுத்திவை' என்று பெற்றோர் சொல்லும் கட்டாயம் அதற்குப் பிறகுதான் குறையும்.