எம்சிபிக்கு நீங்களும் ஒரு குண்டு பல்புதான்

"ஆளைக் கொல்றது வோல்டேஜ் இல்ல, கரண்ட்தான்" என்று யாராவது ஞானி மாதிரி சொன்னால் உஷாராகிவிடுங்கள். அது பாதி உண்மை. அதை நாம் இவ்வளவு சுலபமாக நம்பக் காரணம், பள்ளிக்கூடத்தில் மின்சாரத்தை ஒரு முக்கோணமாகக் கற்றுக்கொண்டதுதான்.

முக்கோணம் ஞாபகம் இருக்கும். மேலே வி, கீழே ஐ, ஆர். வேண்டியதை விரலால் மறை, மிச்சத்தைப் பெருக்கு அல்லது வகு, மார்க்கை வாங்கு. விடை சரியாகத்தான் வரும். கூடவே, மூன்று எழுத்தும் ஒரே ஜாதி என்கிற எண்ணமும் மண்டையில் உட்கார்ந்துவிடும்.

வீட்டில் கதை வேறு. பிளக்கில் இருப்பது 230 வோல்ட். அது நம் கையில் இல்லை. தடை, நாம் மாட்டுகிற பொருளுடையது. இந்த இரண்டும் சேர்ந்துதான் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று தீர்மானிக்கின்றன. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம், வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி எவ்வளவு பாய்கிறது என்று அளந்துதான் இதைக் கண்டுபிடித்தார். 1827-ல் புத்தகமாகவும் போட்டார். அவர் முக்கோணம் எதுவும் போடவில்லை.

கார் பேட்டரியால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்க முடியும். ஆனால் காய்ந்த கையால் அதன் இரண்டு முனைகளையும் தொட்டால் ஒன்றும் ஆகாது. 12 வோல்ட், தோலின் தடை 20,000 ஓம் என்று வையுங்கள், ஓடுவது 0.6 மில்லி ஆம்பியர். அவ்வளவு கரண்ட் வைத்திருக்கும் பேட்டரி ஏன் கொல்லவில்லை? தள்ளுவதற்கு வோல்டேஜ் போதவில்லை.

இப்போது 60 வாட் குண்டு பல்பு. 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230-ஐ அந்த 0.26-ஆல் வகுத்தால் தடை, கிட்டத்தட்ட 880 ஓம்.

அடுத்தது ஈரக்கையோடு ஒரு மனிதர். உடம்பின் தடை சுமார் 1,000 ஓம். காய்ந்த தோல் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம், 230 வோல்ட்டில் அதன் தடை சரிந்துவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். திறன், 53 வாட். இதயத்தை நிறுத்த இது தாராளம்.

இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.26, 0.23. சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு, செத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கும் எரிகிற பல்புக்கும் வித்தியாசம் தெரியாது. அது வயரைக் காப்பாற்ற வைத்தது. "எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆயிடும்" என்று தைரியம் சொல்கிறவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

ஆளைக் காப்பாற்ற வைப்பது ஆர்சிசிபி. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்து 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும்.

"பரீட்சைக்கு முக்கோணம் போதுமே சார்" என்பார்கள். போதும்தான். ஆனால் வகுத்தல் அதே வகுத்தல்தானே! 'ஒரு கடத்தியின் மின்தடை யாது' என்று கேட்கிற இடத்தில், 'ஈரக்கையால் ஸ்விட்சைத் தொட்டவர் வழியே எவ்வளவு ஓடும், எம்சிபி வெட்டுமா' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? பதினைந்து வயதுப் பிள்ளை அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "அப்பா, நம்ம வீட்ல ஆர்சிசிபி இருக்கா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு எந்தப் பரீட்சையும் மார்க் போடாது. ஓர் உயிர் மிஞ்சலாம்.