விழுந்து விழுந்து ஆடும் ஆட்டம்

கணினித் திரையில் ஓட்ட வீரன் ஒருவன் நிற்கிறான். அவன் நூறு மீட்டர் தொலைவைக் கடக்க வேண்டும். ‘கியூ’, ‘டபிள்யூ’ என்னும் பொத்தான்கள் அவனுடைய தொடைகளை அசைக்கும். ‘ஓ’, ‘பி’ என்பவை கெண்டைக்கால்களை அசைக்கும். வேறு விதி எதுவும் இல்லை. ஆயினும் முதன்முறை ஆடுபவர் பொத்தானைத் தொட்ட சில நொடிகளில் வீரன் சாய்ந்து விழுகிறான். ஆஸ்திரேலியரான பென்னட் ஃபாடி 2008ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘குவாப்’ என்னும் இணைய விளையாட்டு இது. இதில் கதையில்லை, வண்ணப் பகட்டில்லை. எனினும் விழுந்தவனை மீண்டும் எழுப்பி ஓடவைக்கும் ஆவல் எவரையும் எளிதில் விடுவதில்லை.

இவ்வாவலுக்குக் காரணம் யாது? வீரன் விழும் காட்சி முன்கூட்டியே வரையப்பட்ட படம் அன்று. புவியீர்ப்பு, உராய்வு, உடற்பகுதிகளின் எடை ஆகியவற்றைக் கணினி ஒவ்வொரு நொடியிலும் பலமுறை கணக்கிட்டு, அடுத்த அசைவை முடிவு செய்கிறது. சற்று முன்னதாகவோ பின்னதாகவோ அழுத்தினால் விழுகையே வேறாகிவிடும். தோற்றவர் விளையாட்டின்மீது பழிபோட இடமில்லை.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு. பம்பரம் விடும் சிறுவன் சுழற்சி விதிகளைப் படித்தவன் அல்லன். அவ்விதிகளை அவன் கை அறியும். நடத்தலும் அத்தகையதே. தளர்நடைக் குழந்தை கற்றுக்கொள்ளும் அச்செயலை நான்கு பொத்தான்களாகப் பிரித்துக் கொடுத்தால் பெரியவர்களும் திணறுகின்றனர். உடல் இத்தனை நாள் எவ்வளவு பெரிய வேலையை ஓசையின்றிச் செய்துவந்தது என்பது அப்போதுதான் புலப்படுகிறது.

ஸ்லோவேனிய நாட்டு மாணவர் ஒருவர் 2006ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘லைன் ரைடர்’ இன்னும் எளியது. ஆடுபவர் கோடு வரைவார். அக்கோட்டின்மீது சறுக்குவண்டியில் ஓர் உருவம் இறங்கும். மதிப்பெண்ணும் இல்லை, பகைவரும் இல்லை. சரிவு மிகுந்தால் வேகம் மிகும். வளைவு பொருந்தாவிட்டால் உருவம் வண்டியிலிருந்து தூக்கியெறியப்படும். அழித்து, மீண்டும் வரைய வேண்டியதுதான்.

இவ்விளையாட்டுகள் இயற்பியலையே கற்பித்துவிடும் எனப் புகழ்வது மிகை. தேர்வில் கேட்கப்படும் வாய்பாடு எதுவும் இவற்றில் கிடைக்காது. நேரத்தை விழுங்கிவிடும் என்னும் பெற்றோரின் கவலையையும் எளிதில் தள்ள இயலாது. ஆனால் அன்றாடப் பரிசு காட்டி அழைத்து, பின்னர்ப் பணம் கேட்கும் கைப்பேசி விளையாட்டுகளோடு இவற்றையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. குவாப்பை மூடிவிட்டால் அது யாரையும் திரும்ப அழைப்பதில்லை.

இத்தகைய விளையாட்டுகள் பல ‘ஃப்ளாஷ்’ மென்பொருளை நம்பி எழுதப்பட்டவை. அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியது. உலாவிகளில் அவை திறக்காமற் போயின. தன்னார்வலர்கள் ‘ஃப்ளாஷ்பாயிண்ட்’ என்னும் காப்பகத்தில் அவற்றைத் திரட்டி வருகின்றனர். ‘ரஃபிள்’ என்னும் மென்பொருள் பழைய கோப்புகள் பலவற்றை இன்றைய உலாவியிலும் இயங்கச் செய்கிறது. ஓலைச்சுவடியைக் காக்கும் நூலகங்கள் இப்பணியிலும் கைகொடுக்கலாம். ஒரு தலைமுறை ஆடிய ஆட்டங்களும் காக்கத்தக்கவையே.